டின் லஞ்சன் மீட்: எந்த பிராண்ட் வாங்கலாம், வீட்டில் எப்படிச் சமைப்பது?

லஞ்சன் மீட் என்பது அரைத்துப் பதப்படுத்தி டின்னில் அடைத்த இறைச்சி, பெரும்பாலும் பன்றி. அதில் ஸ்பாம், மாலிங், டுலிப் என்ற மூன்று பிராண்டில் எது நல்லது, உப்புக் கரிக்காமல் எப்படிச் சமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம் இருக்கிறேன். என் பதில்: அப்படியே பொரித்துச் சாப்பிட ஸ்பாம், பிரட்டலுக்கு மாலிங்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் வாங்கி வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சமைத்துப் பார்த்தேன். மூன்றிலும் சுண்டுவிரல் தடிமனில் துண்டு, ஒரே தோசைக்கல், எண்ணெய் ஒரு சொட்டும் விடவில்லை. சீனாவின் மாலிங் கல்லில் பட்டதுமே கொழுப்பை விட்டது. லேசான மசாலா வாசனை, உள்ளே மெத்தென்று இருந்தது. டென்மார்க்கின் டுலிப் நைசாக இருந்தது, பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது. அமெரிக்காவில் 1937 முதல் வரும் ஸ்பாம் கெட்டி. ஓரம் மொறுமொறுவென்று சிவந்து நின்றது. ஆனால் உப்பு தூக்கல்.

இந்த உப்பு விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அமெரிக்காவில் விற்கும் சாதா ஸ்பாமில் 56 கிராமுக்கு 790 மில்லிகிராம் சோடியம். 340 கிராம் டின் முழுக்கக் கணக்குப் போட்டால் 4,700-ஐத் தாண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000-க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் துண்டு போட்டதும் கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் விட்டு, வடித்து, துணியால் ஒற்றி எடுத்துவிடுவேன். கொஞ்சம் உப்பு இறங்கும். ஈரம் இருந்தால் கல்லில் சிவக்காது, நன்றாக ஒற்றுங்கள்.

பிரட்டலுக்குச் சின்னச் சதுரங்களாக வெட்டி, எல்லாப் பக்கமும் சிவக்கும் வரை வறுத்துத் தனியே எடுத்து வையுங்கள். சட்டியில் மிஞ்சிய கொழுப்பிலேயே சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், சுண்டைக்காய் அளவு பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது). பச்சை வாசனை போய் எண்ணெய் பிரிந்ததும் இரண்டு கரண்டி புளித்தண்ணீர், ஒரு சிட்டிகை சீனி. உப்பே வேண்டாம். அப்புறம் கறியைப் போட்டு இரண்டே பிரட்டு, அடுப்பை அணைத்துவிடுங்கள். டின்னிலேயே வெந்த கறி அது, மறுபடி வேக வேண்டியதில்லை. முன்கூட்டியே போட்டால் மசாலாவில் ஊறிக் கரைந்து கூழாகிவிடும். நிறம் இளஞ்சிவப்பாகவே இருக்கிறதே, வேகவில்லையோ என்று பயப்படாதீர்கள். சோடியம் நைட்ரைட் சேர்ப்பதால் வரும் நிறம் அது. சுடுசோறு, ரசம், இந்தப் பிரட்டல், எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். பன்றி இறைச்சி டின் ஹலால் அல்லாத தனிப் பகுதியில் இருக்கும். வெளி அலமாரியில் கோழியும் மாடும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள். மலாயில் 'ஆயாம்' என்றால் கோழி. 'டாகிங்' (இறைச்சி) என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் மாடுதான். ஒருமுறை அவசரத்தில் நான் அதை எடுத்து வந்துவிட்டேன். அம்மா கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் மேசையில் வைத்தார். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி ஏறாது. அன்றே பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவர் அன்பாக வாங்கிக்கொண்டார், ஆனாலும் அம்மாவின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

மாதத்துக்கு இரண்டு டின்னுக்கு மேல் நாங்கள் வாங்குவதில்லை. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்று என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தியிருக்கிறது. தினமும் பிள்ளைகளின் பள்ளி டப்பாவில் வைக்காதீர்கள்.

மிச்சம் இருந்தால் டின்னோடு வைக்காமல், மூடிய டப்பாவுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.