இலங்கை ரூபாய் விழுமென்று பயந்து மலேசிய வெள்ளியில் கடன் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் யாழ்ப்பாணம், கொக்குவில். சில வருடங்களாகக் கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன், பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். கைக்கு 5,400 வெள்ளி (ரிங்கிட்) வரும். வாடகை 850, சாப்பாடு, ரயில், போன் எல்லாம் சேர்த்து 1,200. அண்ணாவின் கணக்குக்கு மாதம் 1,500 போடுகிறேன், அதில் அம்மாவின் மருந்துக்கும் வீட்டுக்கும் ஆயிரம், மிச்சம் கடைக்கு. அண்ணா சுன்னாகத்தில் சீமெந்து, கம்பி விற்கும் கடை வைத்திருக்கிறார். இரண்டு கிரெடிட் கார்டில் 14,000 வெள்ளி கடன், மாதம் 700 கட்டி வருகிறேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வீட்டிலிருந்து அவசரம் என்று கதைக்கும்போதெல்லாம் கார்டில் காசு எடுத்து அனுப்பியதால் சேர்ந்த கடன் இது. இந்த 2024 செப்டம்பர் 21 இலங்கை ஜனாதிபதித் தேர்தல். யார் வந்தாலும் ரூபாய் மறுபடி விழும், சாமான் விலை ஏறும், அதற்கு முன் கடையை நிரப்ப 25,000 வெள்ளி அனுப்பு என்கிறார் அண்ணா. ஒரு வங்கி 6 விழுக்காட்டில் ஐந்து வருடத்துக்கு பர்சனல் லோன் தரத் தயார். யாழ்ப்பாண வங்கியில் என் பெயரில் 12 லட்சம் ரூபாய் நிலையான வைப்பு இருக்கிறது, அக்டோபரில் முதிர்கிறது, அதையும் நினைத்துப் பயமாக இருக்கிறது. கூட்டாளி ஒருவர் எல்லாவற்றையும் யூஎஸ்டிடி-யில், அதாவது டாலர் மதிப்போடு கட்டிய கிரிப்டோ நாணயத்தில், போடு என்கிறார். வாக்களிக்கப் போக நினைத்தேன், டிக்கெட் ஆயிரம் வெள்ளி. வீண் செலவா?

பதில்: தம்பி, கணக்குப் பிரிவில் வேலை செய்கிற உங்களுக்கு வட்டி என்றால் என்ன என்று நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. யாருக்கு ஓட்டுப் போடுவது என்றும் நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லப் போவதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் தேர்தலைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். வீட்டிலிருந்து அழைப்பு வந்ததும் கார்டை ஏடிஎம்மில் செருகிக் காசு எடுக்கிறீர்களே, அந்தப் பழக்கம்தான்.

முதலில் ரூபாய் விஷயம். 2022 தொடக்கத்தில் ஒரு டாலர் 200 ரூபாய் அளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. மார்ச்சில் பிடியை விட்டார்கள், மே மாதத்துக்குள் 360-க்குப் போய்விட்டது. நம் வெள்ளிக்கு ஏறக்குறைய 48 ரூபாய் கிடைத்துக்கொண்டிருந்தது 80-ஐத் தாண்டியது. இந்த 2024 செப்டம்பரில் 69 பக்கம் நிற்கிறது. இதை உங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். நீங்கள் சம்பாதிப்பது வெள்ளியில். ரூபாய் விழுந்தால் அதே ஆயிரம் வெள்ளிக்கு அங்கே கூடுதல் ரூபாய் கிடைக்கும். 2022 பிப்ரவரியில் பயந்துபோய் அவசரமாக அனுப்பியவருக்கு ஆயிரத்துக்கு 48,000 ரூபாய். சில மாதம் பொறுத்து அனுப்பியவருக்கு 80,000. ரூபாய் விழும் என்று நிஜமாகவே நம்புகிறவர் வெள்ளியைக் கையில் வைத்திருக்க வேண்டும். நீங்களோ வெள்ளியில் கடன் வாங்கி, விழப்போகிறது என்று நீங்களே சொல்லும் பணமாக மாற்றப் பார்க்கிறீர்கள். பயம் நியாயமானது, அதற்குச் செய்கிற காரியம்தான் தலைகீழ்.

ரூபாய் விழுமா என்றால், யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஊரில் இருப்பவர்கள் பயப்படுவதில் குற்றமே இல்லை, பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் அவர்கள். 2022 செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி ஏற்றம் 70 விழுக்காட்டைத் தொட்டது, 2024 ஆகஸ்டில் அது 0.5 விழுக்காடு. ஏறுவது நின்றிருக்கிறதே தவிர ஏறின விலை இறங்கவில்லை, போதாக்குறைக்கு 2024 ஜனவரியிலிருந்து வாட் வரி 18 விழுக்காடு. அம்மா மருந்துக்கடையில் கொடுக்கும் பில்லில் இதெல்லாம் தெரியும். ஆனால் இந்தத் தேர்தலில் முன்னணியில் இருக்கும் மூன்று வேட்பாளர்களுமே, ரணில் விக்கிரமசிங்கவும் சஜித் பிரேமதாசவும் அனுர குமார திசாநாயக்கவும், அனைத்துலக நாணய நிதியத்தின் கடன் திட்டத்தைத் தூக்கி எறியப் போவதாகச் சொல்லவில்லை. ரணில் அப்படியே தொடர்வோம் என்கிறார், மற்ற இருவரும் நிபந்தனைகளைத் திரும்பப் பேசுவோம் என்கிறார்கள். சில வாரம் விலை ஆடலாம். அந்த ஆட்டத்துக்காக ஐந்து வருடக் கடனில் தலையைக் கொடுக்கக் கூடாது.

அந்த லோனைப் போட்டுப் பார்ப்போம். 25,000-க்கு 6 விழுக்காடு, ஐந்து வருடம்: வட்டி 7,500. மொத்தம் 32,500, மாதம் 542 வெள்ளி. நீங்கள் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முழு 25,000-க்கும் ஓடுவதால் உண்மையான விகிதம் 11 பக்கம் வரும். 25,000 வெள்ளி என்பது அண்ணனுக்கு 17 லட்சம் ரூபாய்ச் சரக்கு. அதைச் சீமெந்தாக வாங்கி அடுக்கினால் என்ன ஆகும்? மூட்டைச் சீமெந்து நன்றாக வைத்தாலே மூன்று மாதத்துக்கு மேல் பலம் குறையும். யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. தகரக் கூரைக் கடையில் தரையோடு இருக்கும் கீழ்வரிசை மூட்டைகள் ஈரத்தை இழுத்து ஓரத்திலிருந்து கட்டிதட்டும், தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். மழையில் வீட்டு வேலையும் மந்தம்தான், வாங்க ஆள் குறைவு. கம்பி கெடாது, சரி. ஆனால் 2023-இல் ரூபாயின் மதிப்பு 12 விழுக்காடு அளவுக்கு ஏறியது. உச்ச விலையில் வாங்கி அடுக்கியவர்களுக்கு அடக்க விலைகூடத் திரும்பியிருக்காது. அண்ணனுக்கு அது மறந்திருக்க வாய்ப்பில்லை, கேட்டுப் பாருங்கள்.

அண்ணனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கடைக்காரருக்கு விலை ஏறுமுன் வாங்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் லாபம் வந்தால் கடைக்கு, நட்டம் வந்தால் கோலாலம்பூரில் மாதம் 542 வெள்ளி கட்டும் தம்பிக்கு என்றால் அது வியாபாரம் ஆகாது. அவர் நம்பிக்கை உறுதியானது என்றால் தன் வங்கியிலோ, சரக்கு போடும் மொத்த வியாபாரியிடமோ தன் பெயரில் கடன் கேட்கட்டும். அவர்கள் தரத் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு என்ன காரணம் என்று நீங்களும் யோசிக்க வேண்டும்.

இப்போது கார்டு. ஒவ்வொரு முறையும் 2,000 வெள்ளி எடுத்தால் 5 விழுக்காடு கட்டணமாக 100 வெள்ளி அப்போதே போய்விடும், அன்றிலிருந்தே 18 விழுக்காடு வட்டி ஓடும். 14,000-க்கு வருட வட்டி 2,500 வெள்ளிக்கு மேல், மாதம் 210. நீங்கள் கட்டும் 700-இல் 490-தான் கடனைக் குறைக்கிறது. பாக்கி குறையக் குறைய வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகையும் குறையும், நீங்களும் அதை மட்டும் கட்டிக்கொண்டு போனால் ஒரு வருடம் கழித்தும் 9,000 வெள்ளி நிற்கும், அதுவும் நடுவில் ஒரு தடவைகூடக் காசு எடுக்காமல் இருந்தால். இந்த வாரமே இரண்டு வங்கிகளையும் அழைத்து, கார்டில் ரொக்கம் எடுக்கும் வசதியை நிறுத்தச் சொல்லுங்கள். வசதி கையில் இருக்கும்வரை, அம்மாவின் குரல் கேட்டால் உங்களால் மறுக்க முடியாது. உங்களை எனக்குத் தெரியாது, ஆனால் இப்படி எழுதுகிற பிள்ளைகளைத் தெரியும்.

அடுத்தது அந்த 12 லட்சம். அரசாங்கம் எடுத்துவிடுமோ என்ற பயம் புரிகிறது. 2023-இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது ஊழியர் சேமலாப நிதி அடிவாங்கியது, வங்கி வைப்புகளைத் தொடவில்லை. அங்கே வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆக, அந்தப் பயத்தில் தூக்கம் கெட வேண்டாம். என் கவலை வேறு. அங்கே 8 விழுக்காடு பக்கம் வட்டி வாங்கிக்கொண்டு இங்கே 18 கட்டுகிறீர்கள்! ரூபாயை இங்கே கொண்டுவருவது கஷ்டம், கட்டுப்பாடுகள் உண்டு. ஆனால் கொண்டுவரத் தேவையே இல்லை. அக்டோபரில் வைப்பு முதிர்ந்ததும் ஆறு மாதத்துக்கு அம்மாவின் செலவை அதிலிருந்தே கொடுங்கள். மாதம் ஆயிரம் வெள்ளி என்றால் 69,000 ரூபாய், ஆறு மாதத்துக்கு 4 லட்சத்துச் சொச்சம். மீதி ஏழே முக்கால் லட்சத்தை மறுபடி வைப்பில் போட்டுவிடலாம். அந்த ஆறு மாதமும் இங்கிருந்து போகாத ஆயிரம் வெள்ளி கார்டுக்குப் போகட்டும்.

உங்கள் கணக்குப்படி எல்லாச் செலவும் போக 1,150 மிஞ்ச வேண்டும், ஆனால் அது எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஊர்த் திருவிழா, கல்யாணம், அண்ணனின் சில்லறை அவசரம் என்று கரைகிறது என்று நினைக்கிறேன். அதில் 900 எடுங்கள். 700, 900, 1,000, மொத்தம் 2,600. ஆறாவது மாதம் கார்டு சுத்தம், வட்டி 700 பக்கம் முடிந்துவிடும். கடைக்குப் போய்க்கொண்டிருந்த 500 வெள்ளியை இங்கேயே உங்கள் பெயரில் தனிச் சேமிப்பில் போடுங்கள். அடுத்த தடவை உண்மையான அவசரம் வந்தால் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், கார்டிலிருந்து இல்லை.

யூஎஸ்டிடி பற்றி அதிகம் எழுத எனக்குப் பொறுமை இல்லை. கடன் இருக்கிறவருக்கு முதலீட்டு யோசனை சொல்லும் கூட்டாளியிடம், 18 விழுக்காட்டை மிஞ்சி உறுதியாக வருமானம் தருவது எது என்று கேளுங்கள். கார்டை அடைத்தால் அந்த 18 உங்களுக்கு மிச்சம், அதற்குச் செயலியும் வேண்டாம் தரகரும் வேண்டாம். வங்கியைத் தவிர்த்து ஆள்வழியாகப் பணம் அனுப்பும் உண்டியல் யோசனையும் யாராவது சொல்வார்கள். 2021-இலும் 2022 தொடக்கத்திலும் வங்கி விலைக்கும் வெளிவிலைக்கும் பெரிய இடைவெளி இருந்ததால் ஆட்கள் அதில் போனார்கள், வங்கி வழியாக நாட்டுக்குப் போன பணம் 2020-இல் இருந்த 710 கோடி டாலரிலிருந்து 2022-இல் 380 கோடியாக விழுந்தது. இன்று அந்த இடைவெளி இல்லை. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் உள்ள கடையில் அல்லது வங்கியில் அனுப்புங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டைப் பற்றிக் கேட்டீர்கள். வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழி கிடையாது, நேரில்தான் போக வேண்டும். போய் வாருங்கள் தம்பி, கார்டில் எடுக்காமல் சம்பளத்திலிருந்து போக முடிந்தால். இரண்டு மாதத்து 900-ஐத் தள்ளிப் போட்டால் டிக்கெட் வந்துவிடும், கார்டு அடைய ஓரிரு மாதம் தாமதமாகும், பரவாயில்லை. போன இடத்தில் இரண்டு வேலை இருக்கிறது. அம்மாவை வங்கிக்கு அழைத்துப் போய் அவர் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, இனி அவர் காசு நேராக அவருக்கே போகும்படி செய்யுங்கள். அண்ணன் முகம் கோணலாம், அண்ணியும் ஏதாவது சொல்லலாம், அம்மாவின் மருந்துக் காசைக் கடைக் கணக்கிலிருந்து பிரித்தே ஆக வேண்டும். அப்புறம் ஒருநாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து கடன் கொப்பியைப் பாருங்கள். யார் யார் எவ்வளவு பாக்கி, எத்தனை மாதமாக என்று எழுதி எடுங்கள். ஊர்க்கடையில் 17 லட்சம் வெளியே நிற்பது அதிசயமில்லை. அதை வசூலிக்க அண்ணனோடு நீங்களும் நான்கு வீடு ஏறி இறங்கலாம்.