தொடர்கதை டெலிகிராமில் கசிகிறது: யாரிடம் புகார், யாரிடம் கணக்கு?

கேள்வி: மூன்று வருடமாக ஒரு வாசிப்புச் செயலியில் புனைபெயரில் தொடர்கதை எழுதுகிறேன். சந்தா கட்டியவர்கள்தான் படிக்க முடியும். ஆனால் அத்தியாயம் வெளியான மறுநாளே அது பிடிஎஃப் ஆகி ஒரு டெலிகிராம் சேனலுக்குப் போய்விடுகிறது. காப்புரிமை பதிவு செய்யாததால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள் நண்பர்கள். செயலிக்காரர்களைக் கேட்டால் "பார்க்கிறோம்" என்பதோடு சரி. அவர்கள் தரும் பணமும் மாதத்துக்கு மாதம் ஏன் ஏறி இறங்குகிறது என்று புரியவில்லை. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நானும் மற்றவர்களின் நாவல்களை இப்படி இறக்கிப் படித்திருக்கிறேன். அது குற்றமா?

பதில்: நண்பர்கள் சொன்னதை முதலில் ஒதுக்கி வையுங்கள். காப்புரிமை என்று அவர்கள் சொல்வது கண்டுபிடிப்புகளுக்கானது, அதற்குப் பதிவு வேண்டும். எழுத்துக்கு இருப்பது பதிப்புரிமை. பதிப்புரிமைக்காக நாடுகள் 1886ல் செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கையை 1908ல் பெர்லினில் திருத்தியபோதே, இந்த உரிமைக்குப் பதிவு போன்ற எந்தச் சம்பிரதாயமும் தேவையில்லை என்று எழுதிவிட்டார்கள். இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. நீங்கள் எழுதி முடித்த கணத்திலேயே உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. நீதிமன்றத்துக்குப் போகும்போது பதிவு நல்ல சான்றாக உதவும். புகார் அனுப்ப அது வேண்டாம்.

ஆனால் உரிமை இன்னும் உங்களிடமே இருக்கிறதா? செயலியோடு போட்ட ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள். வெளியிட அனுமதி மட்டும் கொடுத்திருந்தால் நீங்களே புகார் அனுப்பலாம். உரிமையையே எழுதிக் கொடுத்திருந்தால் புகார் அனுப்ப வேண்டியவர்கள் அவர்கள். அவர்களைத் தவிர வேறு யாருக்கும் தர முடியாத பிரத்தியேக அனுமதி என்றால் இடைப்பட்ட நிலை, ஷரத்தின் சொற்களைப் பொறுத்தது. கையெழுத்துப் போட்ட அன்று படிக்காத அந்தப் பக்கங்களை இப்போதாவது படிக்க வேண்டும்.

சரி, புகார். பெரிய தளங்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டமான டிஎம்சிஏ வகுத்த முறையில்தான் புகார் வாங்குகின்றன. முறையான அறிவிப்பு வந்ததும் சரக்கை எடுத்துவிட்டால், அதைப் பதிவேற்றியவர் செய்த தவறுக்குத் தளம் இழப்பீடு கட்ட வேண்டியதில்லை. இது தளத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. அதனால்தான் சரியாக எழுதிய புகாரைப் படிக்கிறார்கள், கோபமாக எழுதியதை ஓரம் கட்டுகிறார்கள். "என் கதையைத் திருடிவிட்டார்கள், அந்தச் சேனலை மூடுங்கள்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. இப்படி எழுதுங்கள்:

"இந்தத் தொடரின் 41ஆம் அத்தியாயம் என் படைப்பு. முதலில் வெளியான இணைப்பும் தேதியும் இவை. அனுமதியில்லாத பிரதி இருக்கும் பதிவின் இணைப்பு இது. இதற்கு உரிமையாளரோ அவர் சார்பில் வேறு யாருமோ சட்டமோ அனுமதி தரவில்லை என்று நல்லெண்ணத்துடன் நம்புகிறேன். இதிலுள்ள தகவல்கள் சரியானவை. நானே உரிமையாளர் என்பதைப் பொய்ச்சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டு உறுதி சொல்கிறேன்."

கீழே பெயர், தொடர்பு விவரம், கையெழுத்து. தட்டச்சு செய்த பெயரே கையெழுத்தாகச் செல்லும். சேனலின் முகவரியைக் கொடுத்தால் போதாது. டெலிகிராம் சேனலில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி இணைப்பு உண்டு, அதை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுங்கள். சலிப்பான வேலைதான். அனுப்பும் முன் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பதிவு போனபின் சான்றும் போய்விடும்.

டெலிகிராமில் ஒரு சிக்கல் இருக்கிறது. சேனல்களும் பாட்களும் (தானியங்கிக் கணக்குகள்) பொதுவெளி என்பதால் அவற்றின் மீதான புகாரை ஏற்கிறார்கள். குழு அரட்டை தனிப்பட்டது, அதில் தலையிட மாட்டோம் என்பது அவர்கள் அறிவித்திருக்கும் நிலைப்பாடு. ஆக, குழுவுக்குள் சுற்றும் பிரதியைத் துரத்துவதில் பொழுதை வீணாக்காதீர்கள். அதைவிட, கூகுள் தேடலில் உங்கள் கதையின் பெயரோடு வரும் திருட்டு இணைப்புகளை நீக்கச் சொல்லிக் கேட்பது பலன் தரும். புதிதாகத் தேடி வருபவர் அந்த வழியாகத்தான் வருகிறார்.

புனைபெயரில் எழுதுவதாகச் சொன்னீர்கள், அதனால் இதைக் கவனியுங்கள். நீங்கள் அனுப்பும் அறிவிப்பு எதிர்த்தரப்பின் கைக்குப் போகலாம். கூகுளுக்கு அனுப்பும் நீக்கக் கோரிக்கைகளின் நகல் லூமென் என்ற பொதுத் தொகுப்பில் சேர்கிறது. தொடர்பு விவரங்களை மறைத்தாலும் அனுப்பியவர் பெயர் தெரியக்கூடும். உங்கள் சொந்தப் பெயர் வெளியே வரக் கூடாது என்றால், செயலி நிறுவனத்துக்கோ ஒரு வழக்கறிஞருக்கோ எழுத்தில் அதிகாரம் கொடுத்து அவர்கள் மூலம் அனுப்புங்கள். "பார்க்கிறோம்" என்றவர்களிடம் இந்த அதிகாரக் கடிதத்தை நீட்டினால் பேச்சு மாறும்.

எதிர்த்தரப்பு "இது என்னுடையதுதான்" என்று எதிர் அறிவிப்பு கொடுத்தால், நீங்கள் வழக்குப் போடாத வரை 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் பதிவு திரும்பி வந்துவிடும். பிடிஎஃப் சேனல் நடத்துபவர் தன் பெயரைக் கொடுத்து அப்படிச் செய்வது அரிது. அப்புறம், உங்கள் கதையைத் திட்டி விமர்சனம் எழுதியவர் மீது இந்த ஆயுதத்தை வீசாதீர்கள். தெரிந்தே பொய்யான அறிவிப்பு கொடுத்தால் இழப்பீடு உங்கள் தலையில் விழும்.

சேனல் நடத்துபவரையே பிடிக்க முடியாதா என்றால், முடியும், செலவாகும். 2022ல் டெல்லி உயர் நீதிமன்றம், பயிற்சிப் பாடங்களைத் திருட்டுத்தனமாகப் பகிர்ந்த சேனல்களின் பின்னால் இருப்பவர்கள் யார் என்று சொல்லும்படி டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. நிறுவனமும் விவரத்தைக் கொடுத்தது. ஆனால் தொடர்கதை எழுதும் ஒருவர் தனியாக அந்தத் தூரம் போக நான் சொல்ல மாட்டேன்.

இனி நீங்கள் போகிற போக்கில் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. மாதாமாதம் பணம் ஏன் மாறுகிறது? பெரும்பாலான சந்தா தளங்கள் எல்லாச் சந்தாவையும் ஒரே அண்டாவில் கொட்டி, மொத்த வாசிப்பில் உங்கள் பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தில் அள்ளித் தருகின்றன. இரண்டே வாசகர்கள் என்று வைத்துக்கொள்வோம், தளத்தின் கழிவு போக ஆளுக்கு 10 நாணயம். ஒருவர் உங்கள் கதையை மட்டும் 2 மணி நேரம் படிக்கிறார். மற்றவர் வேறொருவரின் கதையை 18 மணி நேரம் படிக்கிறார். அண்டாவில் 20 நாணயம், மொத்தம் 20 மணி நேரம். உங்களுக்குக் கிடைப்பது 2. உங்களுக்காகவே சந்தா கட்டியவரின் மீதி 8 நாணயம் அவர் பெயரே கேள்விப்படாத எழுத்தாளருக்குப் போகிறது. உங்கள் வாசகர்கள் குறையாமலே உங்கள் பணம் குறையலாம், யாரோ ஒருவர் அந்த மாதம் நீளமாக எழுதினால் போதும்.

ஒவ்வொரு சந்தாவையும் அந்தச் சந்தாதாரர் நுகர்ந்ததற்கு மட்டும் பிரிப்பது மாற்று வழி. இசையில் சவுண்ட்கிளவுட் 2021ல் தனிக் கலைஞர்களுக்கு இதைக் கொண்டுவந்தது. இந்த முறையில் மேலே சொன்ன கணக்கில் உங்களுக்கு 10 வரும். எதிர்த்திசையிலும் போகிறார்கள்: 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறைகூட ஒலிக்காத பாட்டுக்கு ஒலிப்பதிவுக்கான உரிமைத்தொகை கிடையாது.

எனவே செயலியிடம் எழுத்தில் கேளுங்கள்: என் பங்கு அண்டாவிலிருந்தா, என் வாசகரின் சந்தாவிலிருந்தா? வாசிப்பு நேரத்தை எப்படி எண்ணுகிறீர்கள்? ஆண்டுக்கு ஒரு முறையாவது விரிவான கணக்கு தருவீர்களா? இது அதிகப்படியான கோரிக்கை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு பதிப்புரிமை நெறிமுறையின் 18ஆம் பிரிவு படைப்பாளிக்குப் பொருத்தமான, விகிதாசாரமான ஊதியம் வேண்டும் என்கிறது. 19ஆம் பிரிவு ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்குக் காட்டச் சொல்கிறது. ஒப்பந்தத் தொகை, பின்னால் வந்த வருமானத்தோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பமாகத் தெரிந்தால் கூடுதலாகக் கேட்க 20ஆம் பிரிவு வழி விடுகிறது. அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அந்த வாசகங்களை முன்வைப்பதை யாரும் தடுக்கவில்லை.

கடைசியாக, நீங்கள் இறக்கிப் படித்தவை. பல நாடுகளில் பதிவேற்றியவரைத் துரத்துவதுதான் நடைமுறை. ஆனால் வெறுமனே இறக்குவது எங்கும் குற்றமில்லை என்ற நம்பிக்கை தவறு. திருட்டு மூலத்திலிருந்து எடுத்த பிரதி 'சொந்த உபயோகம்' என்ற விலக்குக்குள் வராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014ல் சொல்லிவிட்டது. ஜப்பான் 2021 முதல், மாங்கா, நூல் உள்ளிட்டவற்றைத் திருட்டுப் பிரதி என்று தெரிந்தே இறக்குவதையும் சட்டவிரோதமாக்கியது. அதுவரை இசைக்கும் காணொளிக்கும் மட்டுமே அந்த விதி இருந்தது. டோரன்ட் வழியாக எடுத்திருந்தால் கதையே வேறு. அது இறங்கும்போதே உங்கள் கணினியிலிருந்து மற்றவர்களுக்கு ஏறிக்கொண்டும் இருக்கும், அதாவது நீங்களும் விநியோகஸ்தர். அந்த நிரல் இன்னும் பின்னணியில் ஓடுகிறதா என்று பார்த்து முதலில் அதை நிறுத்துங்கள். புகார் மின்னஞ்சலும் அதே கணினியிலிருந்துதானே போகப்போகிறது.