வீட்டில் தினமும் சண்டை: ஆன்லைன் கவுன்சலிங்கில் உருப்படியாக ஏதாவது கற்றுத்தருவார்களா?

"வீட்டில் சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை வருகிறது. ஆன்லைனில் கவுன்சலிங் எடுத்தால் அன்றாடம் பயன்படும்படி ஏதாவது கிடைக்குமா, இல்லை ஒரு மணி நேரம் புலம்பிவிட்டு எழுந்து வருவதுதானா?" என்பது கேள்வி.

எனக்கு இரண்டு அனுபவமும் உண்டு. முதலில் பார்த்த ஆலோசகரிடம் புலம்பினேன், இரண்டாமவரிடம் கற்றுக்கொண்டேன்.

முதலாமவர் நல்ல மனிதர். சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாசிட்டிவாக இருங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்பார். லேப்டாப்பை மூடும்போது மனசு லேசாக இருக்கும். மறுநாள் சாயங்காலமே வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். நான்கு அமர்வோடு நிறுத்திவிட்டேன்.

இரண்டாமவர் எடுத்த எடுப்பிலேயே, "ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். கோபம் வந்த ஒவ்வொரு தடவையும் நான்கு விஷயம் எழுத வேண்டும்: மணி என்ன, என்ன நடந்தது, அந்த நொடியில் மனதில் ஓடிய வாக்கியம் எது, அப்புறம் நான் என்ன செய்தேன். இது அவர் கண்டுபிடித்ததில்லை, பழைய சரக்குதான். 1950களில் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளரும், 1960களில் ஏரன் பெக் என்ற மனநல மருத்துவரும் அடித்தளம் போட்டது. சி.பி.டி. என்கிறார்கள், அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை. நடந்த சம்பவத்துக்கும் வரும் கோபத்துக்கும் நடுவில் ஓர் எண்ணம் ஓடும், முதலில் அதைப் பிடி என்பதுதான் சாரம்.

அலட்சியமாகத்தான் எழுத ஆரம்பித்தேன். ஒருநாள் கூடத்தின் நடுவில் மகனின் புத்தகப் பை கிடந்தது, கத்தித் தீர்த்தேன். மனதில் ஓடியது என்ன என்று யோசித்து எழுதினால், "இந்த வீட்டில் என்னை யாருமே மதிப்பதில்லை" என்று வருகிறது. பைக்கும் மரியாதைக்கும் என்ன சம்பந்தம்? எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வாரத்தில் 11 பதிவுகள். அதில் 9, வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த முதல் அரை மணி நேரத்துக்குள். பாதிப் பிரச்சினை கடிகாரத்தில் இருந்திருக்கிறது! வந்ததும் பத்து நிமிடம் யாரிடமும் எதையும் விசாரிக்காமல் அறையில் உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்தோம். வேறெந்தப் பயிற்சியையும்விட இந்தப் பத்து நிமிடம்தான் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது என்பேன்.

மூன்றாவது அமர்வில் ஒரு கூத்து நடந்தது. "இப்போதெல்லாம் நான் ரொம்ப நிதானம்" என்று ஆலோசகரிடம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன். மகன் பக்கத்து அறைக் கதவைப் படாரென்று சாத்தினான். தலையைத் திருப்பி, "ஏய், ஒருநாளாவது கதவை மெதுவாச் சாத்தியிருக்கியா?" என்று ஒரு கத்து. திரும்பினால் திரையில் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். மைக்கை அணைக்கவில்லை.

நேரில் அவருடைய அறைக்குப் போயிருந்தால் என் மகனும் அந்தக் கதவும் கூட வந்திருக்காது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிட்டு வந்திருப்பேன். நம் வீட்டிலேயே, சண்டை நடக்கிற இடத்திலேயே உட்கார்ந்து பேசுவதால், ஒளித்துவைப்பது தானாக வெளியே வந்துவிடுகிறது. ஆன்லைனில் எனக்குப் பிடித்தது இதுதான்.

அவர் திட்டவில்லை. "இப்போது சொன்னீர்களே, அதில் எந்த வார்த்தை அதிகமாகச் சுடுகிறது?" என்று கேட்டார். யோசித்தேன். "ஒருநாளாவது." அந்த ஒரு சொல்லில் மகன் மெதுவாகச் சாத்திய நாளெல்லாம் அடிபட்டுப் போகிறது. "எப்பவுமே", "என்னைக்குமே" எல்லாம் இதே ரகம். ஒரு வாரத்துக்கு இந்த மூன்றும் கூடாது என்று தடை போட்டார். முயன்று பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். முதல் இரண்டு நாள் எனக்குப் பேச்சே வரவில்லை.

தடை போட்ட இடத்தில் வேறொன்றைக் கொடுத்தார். தாமஸ் கார்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1962இல் பெற்றோர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கியவர். "நீ" என்று குற்றம் சாட்டாமல், எனக்கு என்ன ஆகிறது என்று சொல்லும் முறையைப் பரப்பினார். தமிழில் இது சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது. நமக்குக் கோபம் வரும், பயம் வரும், அலுப்பு வரும், எல்லாமே "எனக்கு"தானே? "கதவு அறையுற சத்தத்துல எனக்குத் தூக்கிவாரிப் போடுது. மெதுவாச் சாத்துப்பா." முதல் தடவை நாடக வசனம் மாதிரி இருந்தது. மகன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "என்னப்பா ஆச்சு?" என்றான். பரவாயில்லை, கதவை மெதுவாகச் சாத்தினான். ஆனால் "எனக்கு நீ ஒரு சோம்பேறின்னு தோணுது" என்பது இந்தக் கணக்கில் சேராது. அதையும் முயன்று பார்த்து மாட்டிக்கொண்டவன் நான்.

மனைவியோடு வரும் வாக்குவாதத்துக்கு வேறு மருந்து. தம்பதிகளைப் பேசவிட்டு இதயத் துடிப்பை அளந்து பார்த்த ஆராய்ச்சியாளர் ஜான் காட்மன். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் ஏறாது, உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்கிறார் அவர். சரி, விலகிப் போனால் போச்சு என்று நான் பேசாமல் எழுந்து போய்விடுவேன். மனைவிக்கு அது முகத்தில் கதவைச் சாத்தியது போல இருந்திருக்கிறது. சண்டை இரண்டு மடங்கானது. திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதை அப்புறம்தான் கற்றேன்: "இப்ப என்னால பேச முடியல, எட்டரைக்கு உட்கார்ந்து பேசலாம்." சொன்ன நேரத்துக்குத் திரும்பியும் வர வேண்டும். அந்த இடைவேளையில் அடுத்து வீசப்போகும் பதிலை மனசுக்குள் ஒத்திகை பார்க்கவும் கூடாது. பார்த்தால் துடிப்பு எங்கே குறையும்?

கோபம் தலைக்கேறும்போது முகத்தைக் குளிர்ந்த நீரில் முக்குவது இன்னொரு வழி. மார்ஷா லினஹன் என்ற உளவியலாளர், கட்டுக்கடங்காத உணர்ச்சிகளைச் சமாளிக்க உருவாக்கிய டி.பி.டி. என்ற சிகிச்சை முறையில் வருவது. நீரில் மூழ்கும்போது உடம்பு தானாக இதயத் துடிப்பைக் குறைக்கும், அந்த இயல்பைப் பயன்படுத்திக்கொள்வது. இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

சங்கடங்களும் உண்டு. ஹெட்போன் போட்டால் ஆலோசகர் பேசுவது வெளியே கேட்காது, நாம் பேசுவது கேட்கும். மனைவியைப் பற்றிப் பேச வேண்டிய நாளில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். நெட் விட்டுவிட்டு வந்தால், அழுகையின் நடுவில் படம் உறைந்து நிற்கும். அதைவிடக் கொடுமை வேறில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அடி, மிரட்டல், ஒருவரைப் பார்த்து இன்னொருவர் பயப்படும் நிலை இருந்தால் மேலே சொன்ன எதுவும் அதற்கு மருந்தல்ல. "எனக்கு" என்று அழகாகப் பேசினால் அடிப்பவர் நிறுத்தப்போவதில்லை. உங்கள் போனை அவர் கண்காணிக்கவும் கூடும். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவதே ஆபத்தாகலாம், முதலில் பாதுகாப்பான உதவியைத் தேடுங்கள். தற்கொலை எண்ணம் இருந்தால் அடுத்த வார அமர்வு வரை காத்திருக்காமல், உடனே உதவி எண்ணை அழையுங்கள், இல்லையென்றால் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன படித்திருக்கிறார், நாம் பேசுவதைப் பதிவு செய்கிறாரா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். முதல் அமர்வு முடியும்போது, "அடுத்த வாரத்துக்குள் நான் என்ன செய்து பார்க்கணும்?" என்று கேளுங்கள். அதற்கு உருப்படியான பதில் இல்லையென்றால், நான் நான்கு அமர்வுக்குச் செலவழித்த காசு உங்களுக்காவது மிச்சம்.

போன வாரம் மதிப்பெண் விஷயமாக மகனைப் பிடித்தேன். "அப்பா, இப்ப முடியாது. எட்டரைக்குப் பேசலாம்" என்றான். எட்டே முக்காலுக்கு வந்தான். "ஒருநாளாவது" என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டேன்.