கல்விச் சாதனைக்கு உலக அமைப்பு பரிசு வழங்கலாமா? – கேள்வி பதில்

பன்னாட்டு அறிவியல் அமைப்புகளின் வரலாற்றை நெடுங்காலமாகப் பயின்று வருபவன் என்ற முறையில், ஆய்வுக்கும் புலமைக்கும் உலக அளவிலான ஓர் அமைப்பு பரிசு வழங்குவது தகுமா என்று கேட்டிருந்தவர்களுக்கு இங்கே விடையளிக்கிறேன். ஒரே பொருளில் அமைந்த கேள்விகளுக்கு ஒருமுறை மட்டுமே விரிவாக எழுதியிருக்கிறேன்.

பள்ளி ஆசிரியர் ஒருவர்: ஐக்கிய நாடுகள் அவையோ அதன் கிளை அமைப்போ அறிவியல் சாதனைக்கென ஓர் உலகப் பரிசை நிறுவினால், அது நோபல் பரிசைவிட நடுநிலையானதாக இருக்குமல்லவா, ஐயா?

இருக்காது என்றே கருதுகிறேன். அரசுகள் கூடி அமைத்த அமைப்பு வேறு, அறிஞர்கள் கூடி அமைத்த அமைப்பு வேறு. இரண்டையுமே நாம் பன்னாட்டு அமைப்பு என்று அழைத்துவிடுவதால் குழப்பம் நேர்கிறது. முதல் வகையில் வாக்களிப்பவர் தம் நாட்டுத் தலைநகரின் ஆணைக்குக் கட்டுப்பட்டவர். தனி மனிதர் ஒருவருடைய ஆய்வின் தரத்தை அவர் தம் மனச்சான்றின்படி மட்டும் எடைபோட முடியாது. நோபல் பரிசு எந்தப் பன்னாட்டு அமைப்பும் வழங்குவதன்று. ஆல்ஃபிரட் நோபல் 1895இல் எழுதிய உயிலின்படி 1901 முதல் வழங்கப்பட்டுவரும் அப்பரிசில், இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் உரியவர்களைச் சுவீடனின் அறிவியல் கழகமும், மருத்துவத்துக்கு உரியவர்களைக் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் பேராசிரியர் குழுவும் தேர்ந்தெடுக்கின்றன. 1937இல் ஜெர்மானியர் எவரும் நோபல் பரிசை ஏற்கக்கூடாது என்று ஹிட்லர் தடை விதித்த பின்னரும், ரிச்சர்ட் கூன், அடால்ஃப் பூட்டெனான்ட், கெர்ஹார்ட் டோமாக் ஆகிய மூன்று ஜெர்மானியர்கள் அப்பரிசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஜெர்மானிய அரசும் உறுப்பினராக அமர்ந்திருக்கும் ஓர் அவை அந்த முடிவை எடுத்திருக்கும் என்று என்னால் நம்ப இயலவில்லை.

நோபல் தேர்வுகள் பிழையற்றவை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அணுக்கருப் பிளவை விளக்கியவர்களுள் ஒருவரான லீசா மைட்னருக்குப் பரிசு கிடைக்கவே இல்லை. 1944ஆம் ஆண்டுக்கான வேதியியல் பரிசு ஓட்டோ ஹானுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. எனினும் பரிந்துரை ஆவணங்கள் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்படுவதால், அவர் எத்தனை முறை பரிந்துரைக்கப்பட்டார், குழுவில் என்ன எழுதப்பட்டது என்பவற்றை இன்று வரலாற்றாசிரியர்கள் ஆராய முடிகிறது. பிழையைப் பின்னாளிலாவது ஆராய இடந்தருகிற பரிசையே நான் மதிக்கிறேன்.

எந்தப் பரிசைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் வைக்கும் எச்சரிக்கை இதுதான்: பணம் தருபவர் யார், தேர்வு செய்பவர் யார், இவ்விருவருக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

முனைவர் பட்ட ஆய்வாளர்: அப்படியானால் அறிஞர்களின் பன்னாட்டுச் சங்கங்கள் வழங்கலாமா?

வழங்கலாம்; அதற்கு மிகச் சிறந்த சான்றும், அதே வேளையில் நல்ல எச்சரிக்கையும் பன்னாட்டுக் கணிதவியல் சங்கம் வழங்கும் ஃபீல்ட்ஸ் பதக்கமே. அதன் தோற்றத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதல் உலகப் போருக்குப் பின் 1920இல் தொடங்கப்பட்ட அன்றைய கணிதவியல் சங்கம், தோல்வியுற்ற நாடுகளைச் சேர்ப்பதில்லை என்ற கொள்கையுடன் பிறந்தது. ஆகையால் 1924இல் டொராண்டோவில் நடந்த கணிதவியல் மாநாட்டுக்கு ஜெர்மானியக் கணிதவியலாளர்கள் அழைக்கப்படவில்லை. அக்காலத்தில் உலகின் முன்னணிக் கணித மையங்களுள் ஒன்றாக விளங்கிய ஜெர்மனியின் கோட்டிங்கன், உலக மாநாடு என்று பெயர் பூண்ட கூட்டத்தில் இடம்பெறவில்லை. அம்மாநாட்டை நடத்திய கனடாவின் ஜான் சார்ல்ஸ் ஃபீல்ட்ஸ், செலவு போக எஞ்சிய தொகையைக் கொண்டு பதக்கங்கள் நிறுவ முன்மொழிந்தார். அவை இயன்றவரை நாடு கடந்தவையாக இருக்க வேண்டும் என்றும், எந்த நாட்டின், நிறுவனத்தின், மனிதரின் பெயரும் அவற்றோடு இணைக்கப்படக்கூடாது என்றும் அவர் எழுதினார். 1932இல் அவர் மறைந்தார். அதே ஆண்டில் அந்தச் சங்கமும் தன் உட்பூசல்களால் செயலற்றுப் போயிற்று. ஆகவே 1936இல் ஆஸ்லோவில் லார்ஸ் ஆல்ஃபோர்ஸும் ஜெசி டக்ளஸும் முதற் பதக்கங்களைப் பெற்றபோது, அவற்றை வழங்கப் பன்னாட்டுச் சங்கம் என்ற ஒன்றே இல்லை, மாநாடுதான் வழங்கியது. ஃபீல்ட்ஸின் பெயர், அவர் விருப்பத்துக்கு மாறாக, பதக்கத்தில் நிலைத்துவிட்டது.

இந்த வரலாற்றிலிருந்து நான் கொள்வது, அமைப்பின் பெயரில் பன்னாட்டு என்ற அடைமொழி இருப்பதனால் மட்டும் நடுநிலை வந்துவிடாது என்பதையே. பின்னாளிலும் அரசுகள் குறுக்கிட்டன: 1970இல் செர்கேய் நோவிக்கோவும் 1978இல் கிரிகோரி மர்குலிஸும் பதக்கம் பெறுவதற்காகப் பயணம் செய்வதைச் சோவியத் அரசு அனுமதிக்கவில்லை. ஆயினும் இருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பதே முக்கியமானது. அரசுகளால் விழாவுக்கு வருவதைத் தடுக்க முடிந்தது, தேர்வைத் தடுக்க முடியவில்லை.

வாசகர்: யுனெஸ்கோ ஒரு நாட்டின் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததாக அறிவித்தது என்று வந்த செய்தி உண்மையா?

உண்மையன்று. யுனெஸ்கோ தேசிய கீதங்களுக்குப் பரிசு வழங்குவதில்லை.

உயிரியல் ஆய்வாளர்: அரசுகளின் அமைப்பை நீங்கள் தேவையின்றி ஐயுறுகிறீர்கள். யுனெஸ்கோ 1952 முதல் அறிவியலைப் பரப்புபவர்களுக்குக் கலிங்கப் பரிசை வழங்கி வருகிறது. முதலில் பெற்றவர் லூயி டி பிராய். எவரும் குறை சொல்லவில்லையே.

கலிங்கப் பரிசை நானும் மதிக்கிறேன். ஆனால் அதே யுனெஸ்கோவின் நிர்வாகக் குழு 2008இல் ஏற்ற மற்றொரு பரிசையும் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்க நாடான எக்குவடோரியல் கினியில் 1979ஆம் ஆண்டு ஆட்சிக்கவிழ்ப்பு முதல் ஆட்சியில் இருக்கும் தியோடோரோ ஒபியாங்கின் பெயரில், அவர் தரப்பு அளித்த 30 இலட்சம் டாலரைக் கொண்டு, உயிர் அறிவியல் ஆய்வுக்கான பரிசு நிறுவப்பட்டது. மனித உரிமை அமைப்புகளும், நோபல் பரிசு பெற்றவர்கள் பலரும் எதிர்த்ததால் 2010இல் அது நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் அவர் பெயரை நீக்கி நாட்டின் பெயரைச் சூட்டி, 2012 மார்ச்சில் 33க்கு 18 என்ற வாக்குக் கணக்கில் அதற்கு ஒப்புதல் அளித்தனர். ஆறு உறுப்பினர்கள் வாக்களிக்கவில்லை. பணம் அறக்கட்டளையிலிருந்து வருகிறது என்று விதிகள் கூற, உண்மையில் அரசுக் கருவூலத்திலிருந்து வருவதை அமைப்பின் சட்ட ஆலோசகரே சுட்டிக்காட்டியிருந்தார். அறிவியல் பரிசு ஒன்றின் வாழ்வும் சாவும் தூதர்களின் வாக்கெண்ணிக்கையில் தொங்கியது. நான் அஞ்சுவது இதற்குத்தான்.

அதே ஆய்வாளர்: ஆனால் பரிசு பெற்றவர்களைத் தேர்ந்தெடுத்தது அறிவியலாளர் குழுவே. 2012இல் எகிப்து, தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் பெற்றனர். நோபலின் செல்வமும் வெடிமருந்தில் ஈட்டியதுதானே? வடபுல நாடுகளின் பழைய பணத்தை ஏற்று, ஆப்பிரிக்க நாடுகள் ஒருமித்து ஆதரித்த பரிசை மறுப்பது இரட்டை அளவுகோல் இல்லையா?

உங்கள் வாதத்தின் பிற்பகுதியில் வலிமை இருக்கிறது. பரிசு பெற்ற மூவரின் ஆய்வுக்கு எவ்விதக் களங்கமும் இல்லை; பெருஞ் செல்வங்களின் தோற்றத்தைத் தோண்டினால் தூய்மையானது அரிதாகவே கிடைக்கும் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் நோபல் தம் பரிசு முதன்முறை வழங்கப்படுவதற்கு முன்பே இறந்துவிட்டார். அதன் புகழைக் கொண்டு அவர் ஆளவோ, தேர்தலில் நிற்கவோ, விமரிசனத்தை வாயடைக்கவோ இயலாது. அதிகாரத்தில் இருக்கும்போதே ஒருவர் உலக அமைப்பின் பெயரைத் தம் ஆட்சியின் பெயரோடு சேர்த்துக்கொள்வது வேறு வகையான கொடுக்கல் வாங்கல். அறிவியலாளர் குழு நேர்மையாகத் தேர்ந்தெடுக்கும்போதுதான் அந்தப் பெயருக்கு மதிப்புக் கூடுகிறது. ஆகவே குழுவின் நேர்மை இங்கே பரிகாரம் ஆகாது.

வேறொருவர்: அப்படியென்றால் நிறுவனங்களின் பணமும் கூடாதா? பெண் அறிவியலாளர்களுக்கான லொரியால்–யுனெஸ்கோ விருது ஓர் ஒப்பனைப்பொருள் நிறுவனத்தின் பணம்தானே?

ஆம், அந்த நிறுவனத்துக்கும் விளம்பரப் பயன் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் 1998இல் தொடங்கிய அவ்விருதை நான் ஆதரிக்கிறேன். எலிசபெத் பிளாக்பர்ன், அடா யோனத் இருவரும் 2008இல் அதைப் பெற்று, மறு ஆண்டே நோபல் பரிசும் பெற்றனர்; அவர்களின் தகுதியை நோபல் குழுக்களுக்கு முன்னதாகவே அத்தேர்வுக்குழு கண்டது. பணம் தருபவருக்கும் தேர்வுக்கும் இடையே தொலைவு இருக்கிறதா என்பதே, மீண்டும் சொல்கிறேன், என் அளவுகோல்.

ஒபியாங் பரிசு குறித்து இன்னும் சில கேள்விகள் இருந்தன. என் நிலைப்பாட்டை முழுமையாகச் சொல்லிவிட்டதால் அவற்றைத் தனியே எடுத்துக்கொள்ளவில்லை.

மாணவி: கணிதத்துக்கு நோபல் பரிசு இல்லாததற்கு நோபலின் மனைவி காரணமா?

நோபல் மணம் செய்துகொள்ளவே இல்லை. அவருடைய உயிலில் கணிதம் குறிப்பிடப்படவில்லை, அவ்வளவே.

மாணவர்: கணிதத்துக்கு ஏன் நோபல் இல்லை?

மேலே உள்ள பதிலைப் பார்க்கவும்.

கல்லூரி விரிவுரையாளர்: உலகச் சிறந்த ஆய்வாளர் விருதுக்கு நான் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாகவும், பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் மின்னஞ்சல் வந்துள்ளது. ஏற்கலாமா?

ஏற்க வேண்டாம். பெறுபவரிடமே பணம் கேட்டால், பணம் தருபவரும் தேர்ந்தெடுக்கப்படுபவரும் ஒருவரே ஆகிவிடுகிறார். இத்தகைய மின்னஞ்சல்களைப் பற்றி வந்த மற்ற கேள்விகளுக்கும் இதுவே பதில். தன்விவரக் குறிப்பிலும் அவ்விருதைச் சேர்க்காதீர்கள்.

இயற்பியல் ஆசிரியை: இன்றைய ஆய்வு ஆயிரம் பேரின் உழைப்பு. ஓரிருவருக்குப் பரிசு தருவது நியாயமா?

நியாயமன்று, இன்றைய பரிசுகளின் ஆழமான குறை இதுவே. ஈர்ப்பலைகளைக் கண்டறிந்ததை அறிவித்த கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆசிரியர்கள். மூவருக்கு மேல் பகிரக்கூடாது என்ற விதியால் 2017இன் நோபல் பரிசு மூவருக்கே சென்றது. அதே கண்டுபிடிப்புக்கு 2016இல் சிறப்பு பிரேக்த்ரூ பரிசாக அளிக்கப்பட்ட 30 இலட்சம் டாலரில், 10 இலட்சம் முன்னோடிகள் மூவருக்கும், எஞ்சிய 20 இலட்சம் மற்ற 1012 பேருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. தனியார் பரிசு ஒன்றுக்கு இது இயலும்போது அறிஞர் சங்கங்களுக்கு ஏன் இயலாது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஓய்வுபெற்ற பேராசிரியர்: முடிவாக, உலக அமைப்பு எதற்குப் பரிசு தரலாம் என்கிறீர்கள்?

ஏற்கெனவே புகழ்பெற்றவருக்கே மேலும் புகழ் சேரும் என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் 1968இலேயே விரிவாக எழுதினார். ஆகவே உச்சியில் இருப்பவரைத் தேடும் இன்னொரு பெரும் பரிசு தேவையில்லை. பாகிஸ்தானிய இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1983இல் நிறுவிய உலக அறிவியல் கழகம் வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்குப் பரிசளிக்கிறது. இத்தாலியின் திரியெஸ்தெ நகரில் உள்ள பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையம், வளரும் நாடுகளில் ஆய்வு செய்யும் 45 வயதுக்குட்பட்ட கணிதவியலாளர்களுக்கு 2005 முதல் ராமானுஜன் பரிசை வழங்குகிறது. இவ்வகைப் பரிசு ஒருவருக்குத் தம் நாட்டிலேயே தங்கி ஆய்வைத் தொடரும் வலுவைத் தரக்கூடும். இவற்றோடு, பிறருடைய முடிவுகளைச் சரிபார்த்தவர்கள், தரவுத் தொகுப்புகளைப் பேணியவர்கள், மென்பொருளை எழுதிப் பொதுவில் வைத்தவர்கள் ஆகியோருக்கும் அறிஞர் சங்கங்கள் பரிசளிக்க வேண்டும். அரசுகள் பொதுநிதிக்குப் பணம் தரலாம், தேர்வு அறைக்குள் அவற்றின் பிரதிநிதி ஒருவர்கூட இருக்கக்கூடாது.