பதில்: ஆறடி மூன்று அங்குலம், ஆயுள் குறையுமா?

உயரமானவர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். முதலில், அதில் சாட்சிக்கு இழுத்திருக்கும் ராபர்ட் வாட்லோவை விட்டுத்தள்ளுங்கள். 272 செ.மீ. வளர்ந்த அந்த அமெரிக்கர் 1940இல் 22 வயதில் இறந்தது உண்மை. ஆனால் அவருக்கு இருந்தது வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு. காலில் உணர்ச்சி மங்கிப்போயிருந்தது. காலைத் தாங்கப் போட்டிருந்த பிரேஸ் கணுக்காலில் உரசிக் கொப்புளம் வந்து, அதில் தொற்று ஏறித்தான் உயிர் போனது. உங்கள் உயரம் அப்படிப்பட்டதில்லை. அப்பாவும் ஆறடிக்கு மேல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அதற்காக அந்தச் செய்தி முழுப் புருடாவும் இல்லை. உயரம் கூடக்கூடப் புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. பிரிட்டனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், கூடுதலான ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்துக்கும் அந்த வாய்ப்பு சுமார் 16 சதவீதம் கூடுகிறது என்று வந்தது. உடம்பில் செல்கள் அதிகம், வளர்ச்சி ஹார்மோனின் வேலையும் அதிகம் என்பதைக் காரணமாகச் சொல்கிறார்கள். ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி ஆண்களிலும் குட்டையானவர்களே அதிக நாள் இருந்தார்கள். ஆனால் மாரடைப்பு என்று வந்தால் கதை தலைகீழ், அங்கே குட்டையானவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல்.

எனக்கு உங்கள் உயரத்தைவிட, போகிறபோக்கில் எழுதிய "தினம் ஒரு பாக்கெட் சிகரெட்" தான் உறுத்துகிறது. பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாகவே இறந்தார்கள். முப்பது வயதில் விட்டவர்கள் அதில் அநேகமாக முழுவதையும் மிச்சம் பிடித்தார்கள். உங்களுக்கு இப்போது 29.