தொண்டிக் கடலில் காற்றாலை நட்டால் மின்சாரம் தேறுமா?

ஆடிக்காற்று காரைக்குடி வரை இப்படி வீசுகிறதே, தொண்டிக் கடலிலேயே காற்றாலை நடலாமே என்கிறீர்கள். தெருக்காற்றை வைத்துச் சொல்ல முடியாது. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும்: நொடிக்கு 6 மீட்டர் 8 ஆனாலே ஏறத்தாழ 2.4 மடங்கு! அளவீட்டில் சின்னப் பிழையும் மொத்தக் கணக்கைக் கவிழ்த்துவிடும். செயற்கைக்கோள் பொதுவாகத் தருவது 10 மீட்டர் உயரக் காற்று. விசிறி சுற்றுவதோ 100 மீட்டருக்கு மேலே. அதனால் லேசர் ஒளியால் உயரக் காற்றின் வேகத்தை அளக்கும் லிடார் கருவி வைத்து ஓராண்டாவது அளக்க வேண்டும். ஆடியின் வேகத்தோடு பங்குனியின் மந்தமும் பதிவாகணும். வெப்பக்கடல் காற்று லேசுதான்: 15 டிகிரியைவிட 30 டிகிரியில் அடர்த்தி சுமார் 5% குறைவு. அது பெரிய நஷ்டமில்லை.

தொண்டி இருக்கும் பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, அடித்தளம் போட வசதி. ஆனால் கடற்பசுக் காப்பகம், மீன்பிடி, இலங்கை எல்லை எல்லாம் குறுக்கே நிற்கும். என் ஓட்டு மன்னார் வளைகுடாவுக்குத்தான்.