விளக்கா, விரலா?

கேள்வி: மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் ரவி வர்மா தீட்டிய ‘விளக்கேந்திய பெண்’ ஓவியத்தைப் பார்த்தேன். கணவன் வரவுக்காகக் காத்திருக்கும் பெண்மையின் சின்னம் என்கிறார்களே, சரியா?

பதில்: ரவி வர்மா 1906லேயே காலமாகிவிட்டார். அந்தப் படம் 1940களின் நடுவில் வரையப்பட்டது. வரைந்தவர் எஸ்.எல். ஹல்தங்கர், சாவந்த்வாடிக்காரர், பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்தவர். அதே அரண்மனையில் ரவி வர்மாவின் படங்களும் இருப்பதால், நல்ல படம் என்றால் அவருடையதுதான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பாவம் ஹல்தங்கர்.

அடுத்து, கணவன். அவர் எங்கிருந்து வந்தார்? படத்தில் வாசல் இல்லை, வழி பார்க்கும் தோரணையும் இல்லை. ஹல்தங்கர் மாடலாக நிறுத்தியது தன் மகளை. கதையெல்லாம் பார்த்தவர்கள் சேர்த்தது.

சின்னம் தேடுமுன் வெளிச்சத்தைப் பாருங்கள். இது நீர்வண்ண ஓவியம். எண்ணெய் வண்ணமாக இருந்தால் கடைசியில் கொஞ்சம் வெள்ளையைக் குழைத்து வைத்து ஒளியை வரவழைத்துவிடலாம். நீர்வண்ணத்தில் ஒளி என்பது பெரும்பாலும் தாளின் வெண்மைதான். எந்த இடத்தை விட்டுவைக்க வேண்டும் என்று தூரிகையை நனைக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் இருட்டைப் படலம் படலமாக ஏற்ற வேண்டும். ஒரு படலம் வழிந்து உள்ளே இறங்கினால் முகம் போச்சு.

இன்னொரு சிக்கல், கீழிருந்து வரும் வெளிச்சம். பேய்ப்படக்காரர்கள் விரும்பும் வெளிச்சம் அது. சாந்தமான முகத்தையும் கோரமாக்கிவிடும். இங்கே அப்படி ஆகாததற்கு அந்தக் கைதான் காரணம் என்பேன். சுடருக்கு முன்னால் குவிந்த கையில் விரல்கள் சிவந்து ஒளிர்கின்றன; முகத்திலும் புடவையிலும் வெளிச்சம் இதமாகப் படிகிறது. படத்தின் அமைதி முழுக்க இந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

‘நம்பிக்கை ஒளி’ என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. பலரும் விளக்கையே நம்பிக்கை என்று எடுத்துக்கொள்கிறார்கள். விளக்கை மட்டும் வரைந்திருந்தால் அது வெறும் விளக்கு. கை வைத்து மறைக்கிறாள் என்றால் எங்கோ காற்று அடிக்கிறது, சுடர் அணையக்கூடும் என்று பொருள். அந்தக் காற்றை அவர் வரையவில்லை. வரையாமலே நமக்குத் தெரிகிறது. சின்னம் என்று ஒன்றைச் சொல்லியே தீர வேண்டுமென்றால் நான் அந்தக் கையைச் சொல்வேன். அதற்குக் கணவன் தேவைப்படவில்லை.